மூவாயிரம் சொற்களை மனப்பாடம் செய்து 143 வாங்கிய கதை

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சென்னையில் ஒரு தேர்வு மையத்தில், அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வை முடித்தேன். மதிப்பெண்ணைப் பார்க்க விருப்பமா என்று கணினி கேட்டபோது, சிறிதும் தயங்காமல் ஆம் என்பதை அழுத்தினேன். கணிதப் பகுதியில் 164 என்றும், மொழிப் பகுதியில் 143 என்றும் திரையில் வந்தது. ஐந்து மாதங்களாக விடியற்காலையில் எழுந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தவளுக்குக் கிடைத்த எண் அது. வெளியே வந்து அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "எத்தனைக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார். 170க்கு 143 என்றேன். "எம்பது பர்சென்ட்டுக்கு மேல வருதே, நல்ல மார்க்குதானம்மா" என்று மகிழ்ந்து போனார். அந்தத் தேர்வின் அளவுகோல் 130இல்தான் தொடங்குகிறது என்பதையும், எல்லா விடைகளையும் தவறாகவே தேர்ந்தெடுத்தாலும் 130 கிடைத்துவிடும் என்பதையும், ஆகவே நான் வாங்கியது நாற்பதுக்குப் பதின்மூன்று போன்றதுதான் என்பதையும் அன்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு கட்டடப் பொறியியல் முடித்து, சென்னையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன், ஒப்பந்ததாரர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன், ஆகவே ஆங்கிலம் ஒரு தடையாக இருக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால், பழைய வினாத்தாள் ஒன்றை முதன்முதலாகப் புரட்டியபோது பாதிக்குப் பாதி சொற்கள் தெரியவில்லை. அந்தப் பயத்தில், யாரிடமும் கேட்காமல், அலுவலகத்திலும் சொல்லாமல், நகரின் ஒரு பயிற்சி மையத்தில் 32,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இந்த வழியில் போனவர் எங்கள் குடும்பத்திலோ நட்பிலோ ஒருவரும் இல்லை.

முதல் வகுப்பிலேயே ஸ்பைரல் பைண்டிங் செய்த தடித்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். அகர வரிசையில் மூவாயிரத்து ஐந்நூறு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரியில் பொருள், பல முறை நகலெடுத்ததால் சில பக்கங்களில் எழுத்துகள் மங்கி, ஓரத்தில் வேறு யாரோ எப்போதோ பென்சிலால் போட்ட குறிகள்கூட அச்சாகி இருந்தன. நாளுக்கு இருபத்தைந்து சொற்கள், வார இறுதியில் ஒரு தேர்வு என்பது ஏற்பாடு. அந்தத் தேர்வில் ஒரு சொல்லைக் கொடுத்துப் பொருளைக் கேட்பார்கள், அல்லது எதிர்ச்சொல்லைக் கேட்பார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தைந்துக்குக் குறையாமல் வாங்கினேன். பள்ளியில் செய்யுளையும் வாய்பாட்டையும் ஒப்பித்துப் பழகிய தலைமுறைக்கு இது கைவந்த கலை. என்னைப் போன்றவர்கள் விழுவதும் இந்த இடத்தில்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல் வினாவும், இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் எப்படியோ அப்படி என்று கேட்கும் ஒப்புமை வினாவும் 2011 ஆகஸ்ட் மாதத்தோடு நீக்கப்பட்டுவிட்டன. அதற்கு முன்பு சொல் தனியாக நின்றது, ஆகவே பட்டியலை விழுங்கியவருக்கு அதில் பயன் இருந்தது. அதன் பிறகு சொல்லைக் கேட்கும் வினாக்கள் இரண்டே வகை. முதல் வகையில் ஒரு வாக்கியத்திலோ பத்தியிலோ ஒன்று முதல் மூன்று இடங்கள் வரை காலியாக விட்டிருப்பார்கள், அவற்றை நிரப்ப வேண்டும். இரண்டாம் வகையில் ஒரே காலியிடத்துக்கு ஆறு சொற்கள் தந்து, வாக்கியம் ஒரே பொருளைத் தரும்படியான இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மூன்று காலியிடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பி ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த வினாவுக்கு ஒன்றும் கிடைக்காது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு மொழிப் பகுதியில் மொத்தம் 27 வினாக்கள்தான், அவற்றில் ஏறத்தாழப் பாதி பத்தியைப் படித்து விடையளிப்பவை. ஆக, பதின்மூன்று பதினான்கு வினாக்களுக்காக நான் மூவாயிரம் சொற்களைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன், அதுவும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஒரு வினா வகைக்காகத் தொகுத்த பட்டியலிலிருந்து. பணம் கட்டுவதற்கு முன்னால் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். அமைப்பின் இணையதளத்தில் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும். நான் செலவிடவில்லை.

மனத்தில் நிற்பதற்காகப் பயிற்சி மையத்தில் சில குறுக்கு வழிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலச் சொல்லின் ஓசையைத் தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போடுவது அவற்றில் ஒன்று. 'மண்டேன்' என்றால் மண்ணைச் சார்ந்தது, ஆகவே உலகியல் சார்ந்த, சாதாரணமான என்பது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 'லுகூப்ரியஸ்' என்ற சொல்லை நானாகவே 'லகு' என்பதோடு இணைத்து வைத்திருந்தேன். அதன் பொருள் மிகையான சோகம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பொருள் மறைந்து முடிச்சு மட்டும் மிஞ்சியிருந்தது, லகுவான மனம் உடையவன் என்று நம்பிக்கையோடு எழுதினேன். குறுக்கு வழி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஓசை காட்டும் திசைக்கும் சொல்லின் பொருளுக்கும் முரண் இருந்தால் அந்த முடிச்சைப் போடவே கூடாது.

தேர்வன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார்கள், அதிலேயே பதற்றம் தொற்றிக்கொண்டது. கட்டுரை முடிந்து முதல் மொழிப் பகுதி வந்தது: பன்னிரண்டு வினாக்கள், பதினெட்டு நிமிடங்கள். மூன்று காலியிடங்கள் கொண்ட ஒரு வினாவில், தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் விடை தெரியவில்லை. அந்த அதிர்ச்சியை எப்படி விளக்குவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எல்லாச் சொற்களும் நான் பட்டியலில் பார்த்த முகங்கள், ஆனால் ஊரும் பேரும் மட்டுமே தெரியும், குணம் தெரியாது. அந்த ஒரு வினாவில் நான்கு நிமிடங்களைக் கரைத்தேன். கடைசி மூன்று வினாக்களுக்குப் படிக்காமலேயே ஏதோ ஒன்றை அழுத்தினேன். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினத்தைக் கணினி முடிவு செய்கிறது. இரண்டாம் பகுதி எளிதாக இருந்தபோது நான் மகிழ்ந்தேன், பாருங்கள், அந்த அளவுக்கு விவரம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இருபத்தொரு நாள் இடைவெளி விட்டு மறுபடியும் எழுதலாம் என்பது விதி. பயிற்சி மையத்திலும், மறுபடி ஒரு முறை பட்டியலைப் புரட்டிவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொன்னார்கள். அதே வழியில் போனால் அதே ஊர்தான் வரும் என்று தோன்றியதால் நான் உடனே எழுதவில்லை. அந்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பக் காலம் கடந்து போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் மிகவும் கசப்பானது. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், விண்ணப்பிக்க நினைத்திருந்த ஆறு துறைகளின் சேர்க்கை விதிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தேன். அவற்றில் இரண்டு துறைகள் ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணையே கேட்கவில்லை. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டிருந்தன, அல்லது விருப்பமுள்ளவர் அனுப்பலாம் என்று மாற்றியிருந்தன. அந்த இரண்டுக்காவது அந்த ஆண்டே விண்ணப்பித்திருக்கலாம். அன்று இரவு எனக்கு வந்தது அழுகை இல்லை, என் மேலேயே ஒரு கோபம். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, சொல் படிப்பதும் இல்லை, பயிற்சி மையம் தேடுவதும் இல்லை. நீங்கள் சேர விரும்பும் துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுவான பக்கம் போதாது, ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், அடுத்த துறை கேட்காது.

2024 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கினேன். இம்முறை பட்டியலைத் தொடவில்லை. அதிகாரபூர்வப் பயிற்சிப் புத்தகத்திலிருந்தும் பயிற்சி மையத்தின் தாள்களிலிருந்தும் நான் தவறாக விடையளித்த வினாக்களை மட்டும் தேடி எடுத்தேன். மொத்தம் நாற்பத்தாறு தேறின. ஒரு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் தவறியது என்று தமிழில் ஒரே வரி எழுதினேன். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால், சொல்லே தெரியாததால் தவறியவை பதினொன்றுதான். சொல் தெரிந்தும் அது அந்த இடத்தில் வேறு பொருளிலோ வேறு சாயலிலோ வந்ததை உணராமல் விட்டவை பத்தொன்பது. மீதிப் பதினாறில் வாக்கியத்தையே நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். பதினொரு வினாக்களின் குறையைத் தீர்க்க ஐந்து மாதங்களைச் செலவிட்டுவிட்டு, முப்பத்தைந்து வினாக்களின் குறைக்கு ஒரு நாளைக்கூடச் செலவிடாமல் இருந்திருக்கிறேன். இந்த நோட்டைப் போட ஆன செலவு நாற்பது ரூபாய், நேரம் இரண்டு வார மாலைகள். நான் செய்த எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

அந்தப் பத்தொன்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வில் வந்த வினாக்களை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புதல் தந்துவிட்டுத்தான் நாம் அமர்கிறோம், எனவே நானே அமைத்த எடுத்துக்காட்டைத் தருகிறேன். "அந்த விமர்சகரின் பாராட்டு ஒருபோதும் ___ ஆக இருந்ததில்லை, ஒவ்வொரு புகழ்மொழிக்குப் பின்னும் ஓர் 'ஆனால்' வந்துகொண்டே இருந்தது." விடைகளில் ஒன்று 'அன்குவாலிஃபைட்'. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் தகுதியில்லாதவர் என்ற ஒரே பொருள்தான் நினைவுக்கு வரும், அரையிறுதிக்குக் குவாலிஃபை ஆனார்கள் என்று விளையாட்டுச் செய்தியில் கேட்கிறோம் அல்லவா. ஆனால் ஒரு கூற்றை நிபந்தனை சேர்த்து மட்டுப்படுத்துவதற்கும் 'குவாலிஃபை' என்றுதான் பெயர். ஆகவே 'அன்குவாலிஃபைட்' பாராட்டு என்றால் நிபந்தனையே இல்லாத முழுமையான பாராட்டு, அதுதான் விடை. என்னைப் போன்றவர் அதை முதல் நொடியிலேயே அடித்துவிட்டு, பட்டியலில் இருந்த பல்லை உடைக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்போம். 'சாங்ஷன்' என்றால் வங்கியில் கடன் ஒப்புதல் ஆவது என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு நாட்டின் மேல் விதிக்கும் தடைக்கும் அதே பெயர், இரண்டும் நேர் எதிர். 'ஃப்ளாக்' என்பது கொடி மட்டும் அன்று, ஊக்கம் தளர்வதும்தான். 'வான்ட்' என்பது வேண்டும் என்பது மட்டும் அன்று, பற்றாக்குறையும்தான். 'அரெஸ்ட்' தடுத்து நிறுத்துவது, 'டெம்பர்' மட்டுப்படுத்துவது, சாலையைக் கடக்கும் 'பெடஸ்ட்ரியன்' எழுத்துக்கு அடைமொழியானால் சுவையற்றது. இப்படிப்பட்ட, ஆறாம் வகுப்பிலேயே தெரிந்த சொற்கள் நூற்றிருபதை நான் தனியாகத் திரட்டினேன். ஒரு மாதத்தில் எனக்கு அதிகம் பலன் தந்தது இந்தச் சிறிய தொகுப்புதான். நம் பழைய நிகண்டுகளில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் தொகுதியைத் தனியாக வைத்திருப்பதன் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது சாயல். பயிற்சி மையத்துப் பட்டியலில் 'ஃப்ரூகல்', 'த்ரிஃப்டி', 'பார்சிமோனியஸ்', 'மைசர்லி' ஆகிய நான்குக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைப் போட்டிருந்தார்கள், நானும் ஓரத்தில் 'சிக்கனம்' என்று தமிழில் எழுதி வைத்திருந்தேன். தமிழில் பொருள் எழுதுவது தவறு, ஆங்கிலத்தில்தான் சிந்திக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் கடிந்துகொள்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தவறு தமிழில் எழுதியதில் இல்லை, சோம்பேறித்தனமான தமிழில் எழுதியதில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா செய்வது சிக்கனம், அடுத்த தெருவில் ஒரு பெரியப்பா செய்வது கஞ்சத்தனம், இரண்டையும் மாற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். முதல் இரண்டு சொற்களும் சிக்கனம், பின் இரண்டும் கஞ்சத்தனம், அவ்வளவுதான். அதே போல 'ரெசொல்யூட்' என்றால் உறுதி, 'டெனேஷியஸ்' என்றால் விடாப்பிடி, 'ஆப்ஸ்டினேட்' என்றால் அடம். ஒருவரைப் பாராட்டும் வாக்கியத்தில் அடத்தைப் போட முடியாது என்று தமிழ் தெரிந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதற்குப் பிறகு, சொல்லுக்கு ஒன்றாக நான் எழுதி வந்த நினைவு அட்டை ஒவ்வொன்றிலும் மூன்று செய்திகளை எழுதினேன்: சரியான சாயலுள்ள ஒரு தமிழ்ச் சொல், அது புகழ்ச்சியா இகழ்ச்சியா இரண்டும் இல்லாததா என்பதற்கு ஒரு குறி, நானே அமைத்த ஓர் ஆங்கில வாக்கியம். அகராதி வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்த சொற்கள் மறந்தன. எங்கள் அலுவலகத்து மேலாளரையும் குழாய் ஒப்பந்ததாரரையும் வைத்து நான் அமைத்த வாக்கியங்கள் இன்னும் மறக்கவில்லை, அவற்றை அவர்கள் பார்க்காமல் இருக்க வேண்டும்.

வாக்கியத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட பதினாறில் பெரும்பாலானவற்றில் என்னைக் கவிழ்த்தவை மிகச் சிறிய சொற்கள். 'எனிதிங் பட் சிம்பிள்' என்றால் எளிது என்பதற்கே இடமில்லை என்று பொருள், 'ஆல் பட் இம்பாசிபிள்' என்றால் ஏறக்குறைய முடியாதது என்று பொருள். இரண்டையும் நான் ஒன்றாகவே படித்து வந்திருக்கிறேன். 'ஹார்ட்லி' என்பதைக் கடினமாக என்று ஓரிடத்தில் எடுத்திருந்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இதற்கு நான் கண்ட மருந்து, விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படித்து, காலியிடத்தில் வர வேண்டிய சொல்லை முதலில் தமிழிலேயே ஊகிப்பது. மேலே சொன்ன விமர்சகர் வாக்கியத்தில் 'முழுமையான' என்று தமிழில் முதலில் மனத்தில் தோன்றிவிட்டால், பிறகு ஐந்து விடைகளில் அதற்கு ஈடானது எது என்பதுதான் கேள்வி. விடைகளை முதலில் பார்த்தால் அவை ஒவ்வொன்றும் பொருந்துவது போலவே பேசும். முதல் இரண்டு வாரங்கள் இப்படிச் செய்ய ஒரு வினாவுக்கு மூன்று நிமிடங்கள் ஆயிற்று, பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நிமிடத்துக்குள் வந்தது.

இரட்டை விடை வினாவில் ஒரு பொறி உண்டு. ஆறு சொற்களில் ஒத்த பொருளுடைய ஓர் இணையைக் கண்டதும் கை தானாகப் போய் அழுத்தும். வாக்கியத்துக்குப் பொருந்தாத இணையையும் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதே போல, வாக்கியத்துக்கு மிக அழகாகப் பொருந்தி, துணைச் சொல் இல்லாமல் ஒற்றையாக நிற்கும் சொல்லும் இருக்கும், அதையும் விட்டுவிட வேண்டும்.

இலத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைப் படிப்பது பயன்தருமா என்று கேட்பவர்கள் உண்டு. அளவோடு பயன்தரும். 'லோக்வ்' என்றால் பேச்சு என்று தெரிந்தால் 'எலக்வென்ட்', 'லொக்வேஷியஸ்', 'கலோக்வியல்' மூன்றும் ஒரே கொத்தாகக் கையில் வரும். ஆனால் தோற்றத்தை நம்பி ஏமாறும் இடங்களும் பல. 'எனர்வேட்' என்பது எனர்ஜி தருவது போல ஒலிக்கும், வலுவிழக்கச் செய்வது என்பதே பொருள். 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை, அது நாற்றம் போன்ற அருவருப்பு. 'டெமெரிட்டி' கோழைத்தனம் போலத் தோன்றும், உண்மையில் அசட்டுத் துணிச்சல். வேரைக் கொண்டு ஊகித்த சொல்லை அகராதியில் ஒரு முறை உறுதி செய்யாமல் அட்டையில் ஏற்ற வேண்டாம்.

மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நிகழ்வதை 1885இலேயே அளந்து வெளியிட்டார். நான் நாளுக்கு இருபத்தைந்து சொற்களை ஏற்றிக்கொண்டு, பழையதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஓடியதில், அந்தச் சொற்களும் எனக்குப் பொருளற்ற அசைகளாகவே இருந்திருக்கின்றன. இம்முறை 'ஆங்கி' என்ற செயலியில் அட்டைகளை ஏற்றினேன். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம், ஐபோனில் மட்டும் விலை உண்டு. நாம் மறக்கப்போகும் தருவாயில் அட்டையைத் திரும்பக் காட்டுவது அதன் வேலை. நாளுக்குப் பத்தே புதிய சொற்கள் என்று கட்டுப்படுத்திக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை மின்சார ரயிலில் போகும் நேரம் பழைய அட்டைகளுக்கு, வீடு திரும்பி இரவில் அரை மணி புதிய அட்டைகளுக்கு. இரண்டு நாள் விட்டுவிட்டால் இருநூறு அட்டைகள் குவிந்து நிற்கும், அதைப் பார்த்து ஒரு முறை ஒரு வாரம் முழுதும் செயலியைத் திறக்காமலேயே இருந்தேன். குவிந்தால் புதியதை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் பார்த்துத் தீர்ப்பதே வழி. ஆறு மாதங்களில் நான் படித்தவை மொத்தம் தொள்ளாயிரம் சொற்களுக்குச் சற்றுக் குறைவு, முதல் முறையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறரின் தயாரான அட்டைக் கட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நான் அவற்றை எடுக்கவில்லை. அட்டை எழுதுவதில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது.

இ.டி.எஸ். தரும் இரண்டு இலவச மாதிரித் தேர்வுகளை முதல் முறை நான் எழுதவே இல்லை, பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வுகளே போதும் என்று இருந்துவிட்டேன். அவற்றில் சொல் அரிதாக இருக்கும், வாக்கியம் எளிதாக இருக்கும். உண்மைத் தேர்வில் இது பெரும்பாலும் தலைகீழ். இலவசத் தேர்வில் ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பும், இடையில் எழாமல், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் வெறுமையாக விட வேண்டாம். ஒரு பகுதிக்குள் வினாவைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரலாம். மூன்று காலியிட வினாவைக் கண்டதும் ஏதோ ஒன்றை அழுத்திக் குறித்துவிட்டு, கடைசியில் வருவது என்று நான் எனக்கே விதி வகுத்துக்கொண்டேன். இதற்கிடையில் நாளும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரை, பெரும்பாலும் அறிவியலும் வரலாறும், படித்தேன். சொல்லை அட்டையில் சந்தித்த பிறகு கட்டுரையில் தற்செயலாகச் சந்திக்கும்போது, ஊர்த் திருவிழாவில் பள்ளித் தோழியைக் கண்டது போல இருக்கும். அதன் பிறகு அந்த அட்டை தேவைப்படாது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மையம் 32,000. தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 22,000 ரூபாய்க்கு மேல், இரண்டு முறை. கட்டணப் பயிற்சித் தேர்வுகளும் புத்தகங்களும் சேர்த்து ஐயாயிரத்தை ஒட்டி. சம்பளமில்லா விடுப்பு ஆறு நாள். எண்பதாயிரத்தைத் தாண்டிய இந்தத் தொகையில், இரண்டாம் தேர்வுக்கு உண்மையில் உதவியது தேர்வுக் கட்டணத்தை விட்டால் நான்காயிரத்துக்குள் அடங்கும். இழந்த ஓராண்டை எதில் கணக்கு வைப்பது என்று தெரியவில்லை. முதல் முறை வாங்கிய 143ஐ எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை, எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

2024 ஆகஸ்ட்டில் இரண்டாம் முறை எழுதினேன். அதே மையம், அதே மூக்குக் கண்ணாடிச் சோதனை. முதல் பகுதியில் எனக்குத் தெரியாத சொற்கள் மூன்று வந்தன, முதல் முறையைவிட அதிகம். வாக்கியத்தை வைத்து இரண்டை நீக்க முடிந்தது, ஒன்றில் ஊகித்தேன். இரண்டாம் பகுதி கடினமாக வந்தபோது, இம்முறை அதன் பொருள் எனக்குத் தெரிந்திருந்ததால், உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மொழிப் பகுதியில் 156 என்று திரையில் வந்தது. பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது, ஆனால் நான் விண்ணப்பிக்க நினைத்திருந்த துறைகளுக்கு அது போதும். வெளியே வந்து, சாலையோரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்று அப்பாவை அழைத்தேன். "நூத்தம்பத்தாறா? ஒரு வருசம் படிச்சு பதிமூணு மார்க்குதான் கூடியிருக்கா?" என்று குரல் தாழ்ந்து கேட்டார். அப்போதுதான் அந்த 130இன் கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப போன வருசம் நான் ஊரெல்லாம் சொன்னது?" என்றார்.